"நாரை ஊட்டினதைப் பார்த்தியாம்மா?"

வாரம் பூராவும் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று எல்லோரும் ஓடிவிட்டு, லீவு நாளில் "எங்கேயாவது போயிட்டு வரலாமா?" என்று கேட்டால், நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். "வீட்டில் இருந்தால் மூணு வேளைச் சமையல். வெளியே போனால் அதையே மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போகணும், அவ்வளவுதானே வித்தியாசம்!" என்பாள் என் அடுத்த வீட்டுத் தோழி. வாஸ்தவம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன், காணும் பொங்கலன்று, தாம்பரத்திலிருந்து மூன்று குடும்பமாக வேன் பிடித்து வேடந்தாங்கல் போனோம். விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து இட்லி, சட்னி, புளியோதரை, தேங்காய் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வடை என்று கல்யாணச் சமையல். போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. கரை முழுக்கத் தேர்த்திருவிழா மாதிரி கூட்டம். மற்றவர்கள் ஏரிப் பக்கம் போக, நாங்கள் மூன்று பெண்களும் வேன் அருகில் ஜமக்காளம் விரித்து, இலை போட்டு, பரிமாறி, பாத்திரம் ஒழித்து... இத்தனைக்கும் தேங்காய்ச் சட்னி ஊசிப்போயிருந்தது.

திரும்பும் வழியில் என் ஆறு வயது மகள் கேட்டாள்: "நாரை குஞ்சுக்கு ஊட்டினதைப் பார்த்தியாம்மா?"

"இல்லைடா கண்ணு. அம்மா தட்டு கழுவிட்டிருந்தேன்."

குழந்தை மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குத்தான் செங்கல்பட்டு தாண்டும் வரை தொண்டையை என்னவோ அடைத்துக்கொண்டே இருந்தது.

சென்ற ஜனவரியில் மறுபடியும் போனோம். அதே வேடந்தாங்கல், அதே மூன்று குடும்பம். ஆனால் இந்தத் தடவை கண்டிப்பாகச் சில விஷயங்களை மாற்றினேன். பண்டிகை நாள் வேண்டாம், சாதாரண சனிக்கிழமை போதும் என்றேன். மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு இரண்டு மணிக்குக் கிளம்பினோம். அதனால் கையில் ஒரே ஒரு டிபன்தான்: மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவிய இட்லி, ஆளுக்கு நாலு, வாழை இலையில் தனித்தனிப் பொட்டலம். பரிமாறும் வேலையே கிடையாது. தேங்காய் சேர்த்த எதையும் எடுக்கவில்லை. மூன்றாவதாக, பிள்ளைகளை அரை மணிக்கு ஒருவர் என்று பெரியவர்கள் ஆறு பேரும் முறை வைத்துப் பார்த்துக்கொள்வது. "இதுக்குமா டைம் டேபிள்?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாலு மணிக்குக் கரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன்!

வேடந்தாங்கல் பெரிய ஏரி ஒன்றுமில்லை. சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்கு நடுவே கழுத்தளவு மூழ்கி நிற்கிற மரங்கள். அந்த மரங்கள் முழுக்கக் கூடுகள். கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் என்று நாள் முழுக்கப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்தால் பறவைகள் வந்து இறங்கும். மார்ச் வரை இருக்கும். மழை பொய்த்தால் கூட்டமும் குறைவு. போகுமுன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்க்காரர்களைத்தான் பாராட்ட வேண்டும். 1790-களிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைப் பொறுக்காமல், அப்போதைய கலெக்டரிடம் முறையிட்டுத் தடை வாங்கியவர்கள் இவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்று அவர்களுக்குத் தெரியும். 2022-இல் இந்த ஏரி உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

எங்களுக்கு எதிரே இருந்த மரத்தில் ஒரு நத்தைகுத்தி நாரைக் கூடு. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், அதுதான் அடையாளம். நத்தைதான் பிரதான ஆகாரம். ஆணும் பெண்ணும் முறை வைத்துச் சுமார் 25 நாள் அடைகாக்குமாம். குஞ்சு பொரித்த பிறகும் இரை தேடுவது இரண்டுமேதான். மேற்கு வெயில் சுள்ளென்று கூட்டில் விழ, ஒரு நாரை இறக்கையை விரித்தபடி அசையாமல் நின்றது. "குஞ்சுக்குக் குடை பிடிக்குது பாரு" என்றார் என் மாமியார். முழங்கால் வலியால் எங்கேயும் வர மாட்டேன் என்பவர், கரையிலேயே பெஞ்சு இருப்பதால் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஜோடி நாரை பறந்து வந்தது. தொண்டையில் கொண்டுவந்த இரையைக் கூட்டில் கக்கியது. குஞ்சுகள் முட்டி மோதி விழுங்கின. மகள் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "பார்த்தியாம்மா?"

"பார்த்தேன்!"

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. அந்தி சாய்ந்தால் ஏரிக்கரையில் கொசு வரும். முழுக்கைச் சட்டை, காலுறை போட்டுவிடுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். நடக்கிற வயசுக் குழந்தையின் கையைக் கரையில் ஒரு நிமிஷமும் விடக்கூடாது. "நீ பார்த்துக்கிறேன்னு நினைச்சேன்" என்று இரண்டு பேரும் சொல்கிற நேரத்தில்தான் விபரீதம் நடக்கும். முறை வைத்தால் யார் பொறுப்பு என்பதில் குழப்பமில்லை. செல்போன் பாட்டு வேண்டாம். தின்பண்டத்தைக் கரையில் கடை பரப்பாமல் வேன் நின்ற இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். காகிதம், பை எல்லாம் திரும்ப நம்மோடு வர வேண்டும். பிள்ளைகள் சத்தம் போடாமலிருக்க, 'யார் அதிகக் கூடு எண்ணுகிறார்கள்' என்று பந்தயம் வைத்தோம். பெரிய பையன் 40-க்கு மேல் போய்க் கணக்கை விட்டுவிட்டான்.

ஐந்தரைக்கு மேல் வானம் முழுக்க அணி அணியாகப் பறவைகள் கூடு திரும்பின. அரை மணி நேரம் எங்கள் கூட்டத்தில் யாருமே பேசவில்லை. என் தோழி சொன்னாள், "கல்யாணமாகி பத்து வருஷத்துல இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்ததே இல்லைடி."

வீடு வந்தபோது எட்டரை. பிள்ளைகள் வேனிலேயே தூங்கிவிட்டன. மாமியார்தான், "இருக்கிற சாதத்துல மோரை ஊத்திக் கரைச்சுக் குடிச்சிட்டுப் படு, போ" என்றார். ஊறுகாய் ஜாடியைத் தேடி எடுத்து வைத்தவர் என் வீட்டுக்காரர்.