மனைவியை அழைக்க மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டு

நெய்வேலியில் சுரங்க வேலையைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தது 1957-ம் ஆண்டு மே மாதம். அந்த நாளில் வேலைக்கு வந்தவர்களில் பலர் தனியாகத்தான் வந்தார்கள். கிடைத்த இடத்தில் படுத்தார்கள். பிறகு வட்டம் வட்டமாக வீடுகள் எழும்பின. வீடு கிடைத்ததும் ஊருக்குக் கடிதம் போட்டார்கள். மனைவி மக்கள் பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கினார்கள்.

“உன் மனைவிக்குச் சோறு போட உன்னிடம் பணம் இருக்கிறதா? கணக்கைக் காட்டு” என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கடல் கடந்து போகிறார்கள். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்தக் கேள்விதான்.

இங்கிலாந்தின் சட்டத்தைப் பார்ப்போம். அங்கே குடியுரிமை பெற்ற ஒருவர், அல்லது நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்ற ஒருவர், நெய்வேலிக்கு வந்து ஒரு பெண்ணை மணக்கிறார். தாலி கட்டியாகிவிட்டது. ஆனால் மனைவியை அழைத்துப் போக வேண்டுமானால், அவருக்கு ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் இருக்க வேண்டும். நம் பணத்தில் முப்பது லட்ச ரூபாய்க்கு மேல்.

இந்தச் சட்டம் 2012-ம் ஆண்டு ஜூலையில் வந்தது. அப்போது கேட்ட தொகை 18,600 பவுண்டு. 2024-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி ஒரே தாவலில் 29,000 ஆயிற்று. அதையும் 38,700 வரை உயர்த்தப் போவதாக அப்போதைய அரசாங்கம் அறிவித்திருந்தது. பின்னர் வந்த அரசாங்கம் அதை நிறுத்தி வைத்தது. அவ்வளவு உயரம் வேண்டாம் என்று குடியேற்ற ஆலோசனைக் குழுவும் 2025-ல் கூறியது.

வேலை விசாவில் போயிருப்பவருக்குச் சட்டம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உழைப்பவனுக்கும் எட்டாத தொகை

வருகிறவர் பட்டினி கிடக்கக் கூடாது, பொதுப் பணத்தை எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்று ஒரு நாடு நினைப்பதில் தவறில்லை. எந்த வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைப்பார். ஆனால் அளவு என்று ஒன்று உண்டு.

2025-ம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்து அரசாங்கமே நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம், ஆண்டு முழுவதும் ஒரு வாரம் கூட விடாமல் உழைத்தாலும் வருவது சுமார் 25,400 பவுண்டுதான். இன்னும் 3,600 குறைகிறது. “இந்தக் கூலி வாழப் போதும்” என்று ஒரு கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, “இந்தக் கூலியில் மனைவியோடு வாழ முடியாது” என்று மறு கையால் எழுதினால் அது என்ன நியாயம்?

முதியோரைப் பராமரிக்கும் வேலை, கடை வேலை, வண்டி ஓட்டும் வேலை செய்கிறவர்கள் பாடு இது. அவர்களும் அங்கே வரி கட்டுகிறவர்கள்தான்.

வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2017-ம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வருமான வரம்பு வைப்பது சட்ட விரோதம் அல்ல என்றார்கள் நீதிபதிகள். ஆனால் குழந்தைகளின் நலனை விதிகள் சரியாகக் கவனிக்கவில்லை என்றும் குறை சொன்னார்கள். வரம்பு நிலைத்துவிட்டது.

தமிழருக்கு இந்தப் பணச் சோதனை புதிதும் அல்ல. இலங்கையில் 1949-ம் ஆண்டு வந்த சட்டப்படி குடியுரிமை கேட்ட தோட்டத் தொழிலாளி, நிலையான வருமானமோ முறையான பிழைப்போ தனக்கு உண்டு என்று காட்ட வேண்டியிருந்தது. தேயிலையைக் கிள்ளி அந்த நாட்டுக்கே வருமானம் தேடித் தந்தவரிடம் கேட்ட கேள்வி அது!

பெண் வீட்டாரின் பணம்

“மாப்பிள்ளைக்குச் சம்பளம் குறைந்தால் என்ன? மாமனார் பார்த்துக்கொள்ள மாட்டாரா?” என்று நம் ஊரில் கேட்பார்கள். சீமையில் அந்தப் பேச்சு எடுபடாது. மாதா மாதம் பணம் அனுப்புகிறேன் என்று மாமனார் எழுதிக் கொடுத்தாலும், பொதுவாக அது கணக்கில் சேராது. பெண் நெய்வேலியில் நல்ல உத்தியோகத்தில் இருந்தாலும் அந்தச் சம்பளமும் சேராது. அவள் விமானம் ஏறினால் அந்த உத்தியோகம் அவளோடு வராது என்பது அவர்கள் வாதம்.

சேமிப்பு சேரும். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000 கூட்ட வேண்டும். மேலே சொன்ன தொழிலாளிக்குக் குறைவது 3,600. அதன் இரண்டரை மடங்கு 9,000. பதினாறாயிரமும் சேர்ந்தால் 25,000 பவுண்டு. வருமானமே இல்லாதவராக இருந்தால் 88,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய், கையில் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நெய்வேலித் தந்தையின் கண் தன் பிராவிடண்டு நிதியின் மேல் விழுகிறது. முப்பது ஆண்டு வெயிலிலும் நிலக்கரிப் புழுதியிலும் சேர்த்த பணம். அதை மகள் பெயருக்கு மாற்றிவிட்டால் காரியம் ஆகிவிடுமே!

ஆகும். ஆனால் அது கடனாக இருக்கக் கூடாது; அன்பளிப்பாக இருக்க வேண்டும். பணம் தம்பதியரின் பெயரில், அவர்கள் கைக்குள், ஆறு மாதம் அப்படியே இருக்க வேண்டும். வைப்பு நிதியில் போட்டிருந்தால், வேண்டிய உடனே எடுக்க முடிய வேண்டும். அன்பளிப்பு என்று கையெழுத்திட்ட பிறகு திருப்பிக் கேட்க முடியாது. ஓய்வு பெற்றவர், கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியவர், தமக்கென்று ஒரு வீடு கட்டுமுன் இதைச் செய்யலாமா? மகள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தாயும் தந்தையும் வாடகை வீட்டில் முதுமையைக் கழிக்க வேண்டுமா? தாயையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

“ஆறு மாதத்துக்குப் பணம் வட்டிக்குக் காட்டுகிறேன்” என்று சில தரகர்கள் வருவார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். பொய்க் கணக்கு பிடிபட்டால் இங்கிலாந்து 10 ஆண்டு வரை கதவைச் சாத்தக்கூடும். அமெரிக்காவில், விலக்குக் கிடைத்தாலொழிய, வாழ்நாள் முழுவதும் தடை.

அமெரிக்கா கேட்கும் தொகை குறைவு, பிடி இறுக்கம். அங்கே ஆதரவு உறுதிப் பத்திரம் என்று ஒன்று எழுத வேண்டும். வறுமைக் கோட்டைப் போல 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். 2025-ம் ஆண்டுக் கணக்கில் இருவர் உள்ள குடும்பத்துக்கு 26,437 டாலர். ஆறு பேர் குடும்பத்துக்குச் சுமார் 53,900 டாலர். மகன், மருமகள், இரு குழந்தைகள், நெய்வேலியிலிருந்து போகும் அப்பா அம்மா என்றால் ஆறு பேர் ஆகிவிட்டதல்லவா? வருமானம் போதாவிட்டால், அங்கே வசிக்கும் வேறு ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். இங்கிலாந்தில் இல்லாத இரக்கம் இது.

ஆனால் கையெழுத்திட்டவர் லேசில் விடுபட முடியாது. வந்தவர் குடியுரிமை பெறும் வரையிலோ, ஏறக்குறைய 10 ஆண்டு வேலைக் கணக்கு சேரும் வரையிலோ பொறுப்பு அவர் தலையில்தான். வந்தவர் இறந்தாலோ, நாட்டை விட்டே போய்விட்டாலோ அது தீரும். விவாகரத்து ஆனாலும் தீராது. கைவிடப்பட்ட மனைவி அந்தப் பத்திரத்தைக் காட்டி நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் போலக் கேட்கலாம். பெண்ணைப் பெற்றவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெண்ணுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும்.

துபாய்ப் பக்கம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்கும் வீடும் என்று 2019-ல் விதி செய்தார்கள். அங்கே போகிற வெல்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அதுவே மலைதான்.

நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் நட்சத்திரம் கேட்கிறோம். கோத்திரம் கேட்கிறோம். சம்பளச் சீட்டைக் கேட்க மட்டும் கூச்சப்படுகிறோம். “சம்பந்தி தப்பாக நினைப்பார்” என்று பெரியவர்கள் தடுப்பார்கள். விசா அதிகாரி கேட்கும்போது யாரும் தடுக்க முடியாது. மாப்பிள்ளை இந்த வேலையில் எப்போது சேர்ந்தார் என்பதையும் கேட்க வேண்டும். ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை செய்தவருக்குக் கணக்கு எளிது. இடையில் மாறியவர், கடந்த 12 மாதத்தில் சம்பாதித்த மொத்தமும் 29,000 பவுண்டு என்று காட்ட வேண்டும். அது இல்லாதவர் கார்த்திகையில் வேலை மாறித் தையில் தாலி கட்டினால், வைகாசி வரை விண்ணப்பமே போட முடியாது. அதுவரை பெண் நெய்வேலியில், அப்பாவின் குவார்ட்டர்ஸில்தான்.