ஹென்றிக்ஸும் எங்கள் அம்பாவும்

கிற்றாரை மேனாட்டுக் கருவியென ஒதுக்கும் பெரியவர்கள் குருநகரில் இன்றும் உளர். யாகப்பர் கோவில் திருவிழாக்களில் அதன் ஒலி கேட்டு வளர்ந்த எனக்கு இதில் உடன்பாடில்லை. இடக்கையரான ஜிமி ஹென்றிக்ஸ், வலக்கையருக்கான கிற்றாரைத் தலைகீழாகப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். ஒலிபெருக்கியின் இரைச்சலைப் பிறர் பழுதென்றனர், அவர் இசையாக்கினார். 1970 செப்டெம்பர் 18 இல் இலண்டனில் மறைந்தபோது வயது 27. தமிழகத்தின் பிரசன்னாவோ, அதே கருவியில் கமகங்களோடு கர்நாடக இசை வாசிப்பவர். 2006 இல் ஹென்றிக்ஸுக்குக் காணிக்கையாக ஓர் இசைத்தொகுப்பும் வெளியிட்டார். இருவருமே கருவியைத் தமக்கேற்ப வளைத்தவர்கள்.

எம் இளைஞர்களோ ஹென்றிக்ஸைப் பிரதி செய்வதோடு நின்றுவிடுகின்றனர். வலையிழுப்போர் பாடிய அம்பாப் பாடல்கள், இயந்திரப் படகுகள் வந்தபின் அருகிவிட்டன. அவற்றை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே, அந்தத் தந்திகளில் அவற்றை வாசித்துப் பழகலாகாதா?