மெட்ராஸ் செல்லும், சென்னை செல்லாது!

ஸ்க்ராபிள் ஆடுகிற அன்பர்களுக்கு ஒரு சமாசாரம். கையில் 'க்யூ' வந்து, கூட 'யூ' வரவில்லையென்றால் முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர் என்று அடுக்குங்கள். ஃபக்கீர்! 17 பாயிண்ட். அதற்கும் எழுத்து இல்லையா? வெறும் க்யூ-ஐ. 'ச்சீ' என்று படிக்க வேண்டும். திட்டு அல்ல, சீனர்கள் சொல்லும் உயிர்ச்சக்தி. இரண்டே எழுத்துக்கு 11 பாயிண்ட். "இதெல்லாம் ஒரு இங்கிலீஷா?" என்று எதிராளி எகிறினால் காலின்ஸ் அகராதியைக் காட்டுங்கள்.

திருப்பூரில் எங்கள் ஆபீஸில் மதியம் டிபன் கேரியரை மூடியதும் ஸ்க்ராபிள் போர்டைத் திறந்துவிடுவோம். ஊர்ப் பெயர், ஆள் பெயர் செல்லாது என்பது விதி. ஒருநாள் பேக்கிங் செக்‌ஷன் தம்பி 'மெட்ராஸ்' என்று வைத்தான்.

"ஏனுங் தம்பி, அது ஊர்ப் பேருங்கள்ல? எடுங்க!" என்றார் மெர்ச்சண்டைசர்.

"ஊர்ப் பேரை 1996-லயே மாத்தியாச்சுங்ணா!"

பதில் குறும்பு, ஆனால் வார்த்தை சரி. அங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு இங்கிலீஷில் 'மெட்ராஸ்' என்றே பெயர். 9 பாயிண்ட். மெட்ராஸ் செல்லும், சென்னை செல்லாது!

கள்ளிக்கோட்டைத் துணி 'கலிக்கோ' ஆனது. அதை உடுத்தக் கூடாது என்று 1721-ல் இங்கிலாந்தில் சட்டமே போட்டார்கள். துணிக்குத் தடை போட்டவர்களால் வார்த்தைக்குப் போட முடியவில்லை. இன்றும் 10 பாயிண்ட்.

நம்ம பனியன்? அதுவும் செல்லும். வாணிபம் செய்த குஜராத்தி 'வாணியோ'வைத்தான் வெள்ளைக்காரன் 'பனியன்' என்றான். அவர் நிழலுக்கு ஒதுங்கிய ஆலமரமும் அதே பெயரில் 'பான்யன்' ஆனது. அவர் போட்டிருந்த தொளதொள சட்டையும் அப்படியே. 'ஐ' போட்டு எழுதினால் 8, 'ஒய்' போட்டால் 11. ஒய்யே போடுங்கள்.

சிங்கிள் ஜெர்ஸி, சிங்கிள் ஜெர்ஸி என்று தினமும் நூறு தடவை சொல்கிறோமே, அந்த ஜெர்ஸி எது தெரியுமா? இங்கிலீஷ் கால்வாயில் இருக்கிற ஒரு குட்டித் தீவு. நானூறு வருஷம் முன்பு நம்மைப் போலவே பின்னிப் பின்னி ஏற்றுமதி செய்த ஊர். அகராதியில் ஏறிவிட்டது. 16 பாயிண்ட்!

உலகத்துக்கே டி-ஷர்ட் தைத்து அனுப்புகிற திருப்பூர் மட்டும் ஏன் ஏறவில்லை? கலிக்கோவும் மெட்ராஸும் மூட்டையோடு ஊர்ப் பேரையும் கொண்டுபோயின. நாமோ கழுத்துப் பட்டியில் வாங்குகிறவன் லேபிளை நம் கையாலேயே தைத்து அனுப்புகிறோம். 'மேட் இன் இந்தியா' மட்டும் ஓரமாக இருக்கும். ஊர்ப் பேருக்கு அதில் இடமில்லை.

டி-ஐ-ஆர்-யூ-பி-யூ-ஆர். ஒற்றை 'பி' போட்ட ஸ்பெல்லிங்கில் கச்சிதமாக ஏழு எழுத்து. ஸ்க்ராபிளில் கையில் இருப்பதும் ஏழு. ஏழையும் ஒரே தடவையில் வைத்தால் போனஸ் 50. ஆக மொத்தம் 59! இன்றைக்கு வைத்தால் எதிராளி எடுக்கச் சொல்லிவிடுவார்.

சொந்த பிராண்ட் போட்டு விற்கிற முதலாளிமார்களே, லேபிளில் ஊர்ப் பேரையும் கொஞ்சம் சேர்த்துத் தையுங்கள். நம் பேரப்பிள்ளைகளாவது அந்த 59-ஐ எடுக்கட்டும்!