கூற்றும் எச்சமும்: வகுப்பறையில் ஒரு கொலைப் புதினம்

முன்னுரை

துப்பறியும் புதினம் தமிழ்த்துறை வகுப்பறைக்குள் பெரும்பாலும் ஒரு வரலாற்றுக் குறிப்பாகவே நுழைகிறது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் பெயர்கள் புதின வளர்ச்சியைக் கூறும் பாடத்தில் ஒரு பத்தியில் இடம்பெறும். பொழுதுபோக்கு எழுத்து என்னும் ஒரு தொடரோடு அவர்தம் நூல்கள் கடந்து செல்லப்படும். இவ்வகைப் புதினம் பாடநூலாகவே வைக்கப்பெறும் இடங்களிலும், கொலையாளி யார் என்னும் வினாவுக்கு விடை கிடைத்ததும் வாசிப்பு முடிந்துவிடுகிறது. விடை தெரிந்த பின்னரே அதன் பாடம் தொடங்குகிறது என்பது இக்கருத்துரையின் நிலைப்பாடு. இதனை நிறுவுவதற்கு, அகதா கிறிஸ்டி எழுதி 1926இல் வெளிவந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' என்னும் ஆங்கிலப் புதினம் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. முடிவை மறைத்துக்கொண்டு இப்புதினத்தை ஆராய இயலாது. ஆதலின் அம்முடிவு இங்கு வெளிப்படையாகவே பேசப்படுகிறது.

புதினமும் அதன் சிக்கலும்

கதை கிங்ஸ் அபட் என்னும் கற்பனைச் சிற்றூரில் நிகழ்கிறது. கணவனை நஞ்சிட்டுக் கொன்ற திருமதி ஃபெர்ரர்ஸ், அக்குற்றத்தை அறிந்த ஒருவரால் மிரட்டிப் பணம் பறிக்கப்பட்டு, தூக்கமருந்தை மிகுதியாக உட்கொண்டு இறக்கிறார். மிரட்டியவரின் பெயரைத் தாங்கிய அவரது கடிதம் செல்வர் ரோஜர் அக்ராய்டின் கைக்கு வருகிறது. அன்றிரவே அக்ராய்ட் தம் படிப்பறையில் குத்திக் கொல்லப்படுகிறார். கதையைச் சொல்பவர் அவ்வூர் மருத்துவர் ஜேம்ஸ் ஷெப்பர்ட். ஓய்வுபெற்று அவ்வூரில் சுரைக்காய் வகை ஒன்றைப் பயிரிட்டுக் காலங்கழிக்கும் துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோ புலனாய்வை மேற்கொள்கிறார். மருத்துவர் அவருக்குத் துணை நிற்கிறார். 27 இயல்கள் கொண்ட புதினத்தின் இறுதியில், மிரட்டியவரும் கொன்றவரும் கதைசொல்லியாகிய மருத்துவரே என்பது வெளிப்படுகிறது.

இம்முடிவு வெளிவந்த காலத்திலேயே விவாதத்துக்குள்ளானது. துப்பறியும் கதைக்குரிய 20 விதிகளை 1928இல் எஸ். எஸ். வான் டைன் வகுத்தார். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் பத்து விதிகளை வகுத்தார். எவருடைய எண்ணவோட்டத்தை வாசகர் பின்தொடர அனுமதிக்கப்பெற்றாரோ அவர் குற்றவாளியாக இருத்தல் ஆகாது என்பது நாக்ஸ் வகுத்த விதிகளுள் ஒன்று. மாறாக, எல்லோரையும் ஐயுறுவது வாசகரின் கடமை என்று கூறி டாரத்தி எல். சேயர்ஸ் கிறிஸ்டியின் பக்கம் நின்றார். வாசகர் ஏமாற்றப்பட்டாரா, தாமே ஏமாந்தாரா என்பதே அன்றைய விவாதத்தின் மையம். வகுப்பறை எடுத்துக்கொள்ள வேண்டிய வினாவும் இதுவே. இதற்கு விடை காண்பதற்குப் பனுவலின் தொடர்களுக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

பத்து நிமிடங்கள்

கொலை நிகழ்ந்த மாலையைப் பற்றிய மருத்துவரின் கூற்று காலக்குறிப்புகளால் நிறைந்தது. எட்டு நாற்பதுக்குக் கடிதம் அறைக்குள் கொண்டுவரப்படுகிறது. எட்டு ஐம்பதுக்கு, கடிதம் முழுமையாகப் படிக்கப்படாத நிலையில், அவர் அறையை விட்டு வெளியேறுகிறார். கதவின் கைப்பிடியைப் பற்றியவாறு, செய்யவேண்டியது எதுவும் விடுபட்டுள்ளதா எனத் திரும்பிப் பார்த்ததாகவும் அவரே எழுதுகிறார். இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. கொலை அந்தப் பத்து நிமிடங்களுக்குள் நிகழ்ந்திருக்கிறது. இரண்டு தொடர்களுக்கு இடையில் அது சொல்லப்படாமல் நிற்கிறது. அடுத்து, ஒன்பது மணிக்கு மாளிகையின் வெளிவாயிலைக் கடந்ததாகக் கூறுகிறார். அத்தொலைவை ஐந்து நிமிடங்களில் நடந்துவிடலாம்; அவருக்குப் பத்து நிமிடங்கள் ஆகியிருக்கின்றன. பொய்ரோ பற்றிக்கொள்ளும் முரண் இதுவே. உடல் கண்டெடுக்கப்பட்டபோது, பணியாளரைத் தொலைபேசிக்கு அனுப்பிவிட்டுச் செய்யவேண்டிய சிறிதளவு வேலையைச் செய்ததாக மருத்துவர் குறிப்பிடுகிறார். இறந்தவரின் குரலை ஒலிக்கச்செய்த டிக்டஃபோன் கருவியைப் பையில் மறைத்ததும், அதனை மறைத்து நின்ற நாற்காலியைப் பழைய இடத்திற்குத் தள்ளியதுமே அந்த வேலை.

இறுதி இயலில் மருத்துவர் தம் எழுத்துத் திறனை வியந்துகொள்கிறார். இவ்விடங்களைத் தாமே சுட்டுகிறார். முதல் வாசிப்பில் மருத்துவரின் கடமையுணர்வாகத் தோன்றிய தொடர், இரண்டாம் வாசிப்பில் குற்றத்தின் பதிவாக மாறுகிறது. சொற்கள் மாறவில்லை, வாசகரின் நிலை மாறியிருக்கிறது. ஒரே தொடர் இருவேறு பொருள் தருவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பனுவல்கள் சிலவே.

எச்சமும் முன்னமும்

இத்தகைய வாசிப்புக்கு வேண்டிய கருத்தாக்கங்களை மாணவர் பொதுவாக மேலைத் திறனாய்விலிருந்து பெறுகின்றனர். நம்பகமற்ற கதைசொல்லி என்னும் தொடரை வேய்ன் பூத் 1961இல் வழங்கினார். குற்றத்தின் கதை, புலனாய்வின் கதை என இரு கதைகள் இவ்வகைப் புதினத்தில் அமைகின்றன என்பதைத் தொதரோவ் 1966இல் விளக்கினார். கொலையாளியை 'அவர்' என்னும் படர்க்கைக்குப் பின்னால் தேடும் வாசகருக்கு, அவர் 'நான்' என்னும் தன்மைக்குள் ஒளிந்திருப்பது தெரிவதில்லை என்பதை ரோலான் பார்த் 1953இல் இப்புதினத்தின் உத்தியைச் சுட்டிக் காட்டினார். இவை பயன்மிக்கவை. எனினும், தமிழ் மாணவர் வெறுங்கையோடு இப்புதினத்தை அணுகுவதில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் ஆகியன இடம்பெறுகின்றன. இம்மொழியை யார், யார்க்கு, எவ்விடத்துக் கூறினர் என்பதை உய்த்துணரச் செய்வது முன்னம். சொல்லப்படாது நின்றதைச் சொல்லாலோ குறிப்பாலோ கேட்போர் நிறைவு செய்துகொள்ளுமாறு அமைவது எச்சம். அகப்பாடல் ஒன்றைத் தலைவி கூற்றாகக் கொள்வதா, தோழி கூற்றாகக் கொள்வதா என்னும் வினாவால் பொருளே மாறிவிடும் என்பதைத் தமிழ் மாணவர் முதலாண்டிலேயே கற்கின்றனர். தோழி தலைவனிடம் ஒன்றைச் சொல்லிப் பிறிதொன்றை உணர்த்துவதையும் அவர்கள் அறிவர். மருத்துவரின் பத்து நிமிடங்களை எச்சமாகவும், அவரது கூற்றின் கேட்போர் யார் என்னும் வினாவை முன்னமாகவும் கொண்டு வாசித்தால் பயிற்சி எளிதாகிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் மறக்கத்தக்கதன்று. செய்யுளின் எச்சம் கேட்போரை நம்பி விடப்படுவது. கேட்போர் அதனை நிறைவு செய்வார் என்பது புலவரின் எதிர்பார்ப்பு. மருத்துவரின் எச்சம் கேட்போர் நிறைவு செய்துவிடக் கூடாதென்று விடப்படுவது. ஆனால் அவருக்கு மேல் நிற்கும் ஆசிரியர் கிறிஸ்டி, அதே எச்சத்தைக் கூர்ந்த வாசகர் நிறைவு செய்ய வேண்டும் என்றே விட்டிருக்கிறார். கதைசொல்லிக்கும் நூலாசிரியருக்கும் உள்ள வேறுபாட்டை மாணவருக்குக் கோட்பாட்டுச் சொற்களின்றி விளக்க இதனினும் சிறந்த இடம் அரிது.

ஐயத்தின் சமூகவியல்

மருத்துவர் ஏன் ஐயத்துக்கு உள்ளாவதில்லை? கதையை அவர் சொல்கிறார் என்பது விடையின் ஒரு பாதி. மறுபாதி அவர் வகிக்கும் நிலை. ஊரின் ஐயம் முதலில் பணியாளர் பார்க்கர்மீதும், அன்றிரவு அங்கு வந்த அயலான்மீதும் படிகிறது; கடனில் மூழ்கிய வளர்ப்பு மகன் ரால்ஃப் பேட்டனைக் காவல்துறை தேடுகிறது; வீட்டுப் பணிப்பெண் உர்சுலா பார்னின் நடத்தை வினவப்படுகிறது. எல்லா வீடுகளிலும் நுழைய உரிமை பெற்ற, உடலை ஆய்ந்து இறந்த நேரத்தைக் கூறும் தகுதி பெற்ற மருத்துவரின் சொல் மட்டும் சான்றாகவே ஏற்கப்படுகிறது. வாசகரும் ஊராரைப் போன்றே நடந்துகொள்கின்றனர். எவருடைய சொல் வாக்குமூலமாகக் கேட்கப்படுகிறது, எவருடைய சொல் சான்றாகக் கேட்கப்படுகிறது என்னும் வினாவை இப்புதினம் எழுப்புகிறது; வகுப்பறையில் அது பேசப்படாவிடின் புதினம் வெறும் புதிராகவே எஞ்சும்.

தமிழாய்வுக்கு இவ்வினா நெருக்கமானது. தன்வரலாறுகள், நினைவுக் குறிப்புகள், கள ஆய்வு நேர்காணல்கள் ஆகியவற்றை முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளும் ஆய்வேடுகள் பலவற்றில் தன்மைக் கூற்று அப்படியே உண்மையாக ஏற்கப்படுகிறது. ஒருவர் பொய் கூறவில்லை என்பதால் முழுமையும் கூறிவிட்டார் என்றாகாது. காலக்குறிப்புகளை வரிசைப்படுத்தி இடைவெளிகளைக் கணக்கிடும் பழக்கத்தை இளம் ஆய்வாளர் ஒரு கற்பனைக் கொலையிலிருந்து பெறுவாராயின் அப்பாடம் வீண்போகாது.

மறுப்புகள்

இவ்வகைப் புதினத்தைப் பாடமாக்குவதற்கு எதிரான வலுவான மறுப்பு எட்மண்ட் வில்சனுடையது. அவர் 1944, 1945ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள் துப்பறியும் புனைவின் உரைநடையையும் மாந்தர் படைப்பையும் கடுமையாகச் சாடின. அக்ராய்டைக் கொன்றவர் யாராயினும் என்ன என்னும் பொருளில் ஒன்றன் தலைப்பே அமைந்தது. இம்மறுப்பில் உண்மை உண்டு. கிறிஸ்டியின் மாந்தர் பலர் வார்ப்புகளே. எனினும் மருத்துவரின் தமக்கை கரோலின் அவ்வாறன்று. வீட்டைவிட்டு அசையாமலே ஊரின் செய்திகளையெல்லாம் அறியும் அவரது கூர்மையும், தம்பியின் மனவுறுதியின்மை பற்றிய அவரது கணிப்பும் நினைவில் நிற்பவை. மேலும், உணர்வாழம் கருதியே நூல்களைப் பாடமாக்க வேண்டும் என்பதில்லை. வாசிப்பு முறையைக் கற்பிக்கும் நூலுக்கும் பாடத்திட்டத்தில் இடமுண்டு.

எல்லாரையும் ஐயுறப் பழகிய மாணவர் எதனையும் நம்பாதவராகிவிடுவார் என்பது மற்றொரு மறுப்பு. பியர் பயார் 1998இல் வெளியிட்ட நூல் இதற்கு எடுத்துக்காட்டாகலாம். பொய்ரோவின் முடிவையே மறுத்து, கொன்றவர் கரோலின் என்று அந்நூல் வாதிடுகிறது. நம்பகமற்றவர் என நிறுவப்பட்டவரின் ஒப்புதலை மட்டும் நம்புவது எவ்வாறு என்னும் அவரது வினா கூர்மையானது. ஆனால் ஐயம் சான்றின்றி நிற்க இயலாது என்பதைக் கற்பிக்கவும் இதே நூல் உதவும். பயாரின் வாதத்தைப் பனுவலோடு ஒப்பிட்டு ஏற்பதோ மறுப்பதோ மாணவரின் பணியாதல் வேண்டும்.

கற்பித்தல் நெறி

மேற்கூறியவற்றின் அடிப்படையில் மூன்று படிநிலைகள் பரிந்துரைக்கத்தக்கன. முதலாவதாக, பொய்ரோ தம் முடிவைக் கூறும் இயலுக்கு முன் வாசிப்பை நிறுத்தி, ஒவ்வொரு மாணவரும் தம் ஐயத்தைச் சான்றோடு எழுத வேண்டும். இரண்டாவதாக, முடிவை அறிந்த பின் தொடக்க இயல்களை மறுபடியும் வாசித்து, இருபொருள்படும் தொடர்களையும் காலக்குறிப்புகளையும் அட்டவணைப்படுத்த வேண்டும். மூன்றாவதாக, முதலில் எழுதிய ஐயத்தை மீளப் பார்த்து, எவரை ஏன் ஐயுற்றனர், மருத்துவரை ஏன் விடுத்தனர் என்பதைத் தாமே ஆராய வேண்டும். தேர்வு வினாவும் இதற்கேற்ப மாற வேண்டும். கதைச்சுருக்கம் கேட்கும் வினா இரண்டாம் வாசிப்பையே தேவையற்றதாக்கிவிடும்.

முடிவுரை

புதினத்தில் பொய்ரோவும் ஒரு வாசகரே. மருத்துவர் எழுதிவந்த கையெழுத்துப் படியை வாங்கிப் படித்து, நிகழ்ச்சிகள் பிழையின்றிப் பதிவாகியுள்ளன என்று பாராட்டும் அவர், எழுதியவர் தம்மைப் பற்றி மிகுந்த அடக்கம் காட்டியிருப்பதையும் குறிப்பிடுகிறார். பாராட்டாக ஒலிக்கும் அச்சொல்லில் தீர்ப்பு அடங்கியிருக்கிறது. காலடித் தடங்களும் நாற்காலியும் தொலைபேசி அழைப்பும் பிறர் கண்ணிலும் பட்டவை. எழுதப்பட்டதில் எழுதியவர் எங்கே மறைகிறார் என்று பார்த்தவர் பொய்ரோ ஒருவரே. அப்பார்வையைப் பழக்குவது இலக்கிய வகுப்பறையின் கடமையாயின், துப்பறியும் புதினத்திற்குப் பாடத்திட்டத்தில் ஒரு பத்தியினும் கூடுதலான இடம் ஒதுக்கப்பட வேண்டும்.