மடையனை விடுங்க, மதகைப் பாருங்க

மழை ஆரம்பிச்சா போதும், வாட்ஸ்அப்பில் அந்தக் கதை வந்துவிடும். ஏரி உடையாமல் இருக்க, வெள்ளத்தில் முழுகி உயிரைக் கொடுத்து மடையைத் திறந்தவன்தான் மடையனாம். தியாகியின் பெயரை நாம் வசவாக்கி விட்டோமாம். சென்னை நண்பர்கள் அழுகைப் பொம்மையோடு அனுப்பி, 'நீங்க விவசாயியாச்சே, இதை எழுதுங்க' என்கிறார்கள். எழுதுகிறேன். அது கட்டுக்கதை.

வசவுக்கு வேர் மடமை. அச்சம், மடம், நாணம் என்று அடுக்குகிறோமே, அந்த மடம்தான்; அறியாமை. பழந்தமிழில் மடையன் என்றால் சமையல்காரன் என்றும் உண்டு. அங்கே மடை என்பது சோறு. ஒலி ஒத்துப்போகுது என்பதற்காக எல்லாரையும் ஒரே ஆளாக்கினால் எப்படிங்க?

ஏரி தெரிந்தவன் இந்தக் கதையைச் சொல்லவே மாட்டான். வெள்ளம் கழிவது கலங்கல் வழியாக. மதகு பாசனத்துக்கு, அதன் கண் சின்னது. ததும்புகிற ஏரியை அதைத் திறந்து வடிப்பது, அண்டாவில் ஊசி ஓட்டை போட்டுக் காலி பண்ணுகிற கதை. முழுகித் திறந்தவர்கள் இருந்தார்கள், இல்லைங்கல. வயலுக்குத் தண்ணி விட முழுகினார்கள். செங்கல்பட்டுப் பக்கம் அவருக்கு நீர்க்கட்டி, கம்புகட்டி என்று பெயர். கடைமடைக்கும் தண்ணி போய்ச் சேருவது அவர் கையில். கூலி, களத்தில் அளந்து போடும் நெல். பல ஊர்களில் அவர் தலித். தியாகிப் பட்டம் இந்தச் சங்கதியை வசதியாக மூடிவிடுகிறது.

உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகச் சோழன் கல்வெட்டுகளில் ஏரி வாரியமே இருக்கிறது. அதை யாரும் ஃபார்வேர்ட் பண்ணுவதில்லை. அழ முடியாதே!

போர்வெல் வந்தது, நீர்க்கட்டி வேலை பல ஊரில் போச்சு. வரத்துக் கால்வாயைப் பார்க்க ஆளில்லை. அதன்மேல் கல் நட்டு, மாமல்லபுரத்துக்கு இத்தனை நிமிஷம் என்று போர்டு வைக்கிறார்கள். கதை அனுப்பியவர்களில் ஒருத்தர் அப்படி ஒரு மனையை வாங்கியே விட்டார். 2015 டிசம்பரில் முடிச்சூரில் ஜனங்களைப் படகில் மீட்டதை டிவியில் பார்த்தவர்தான்.

முன்பணம் கொடுக்கும் முன்னே கிராம வரைபடமும் 'அ' பதிவேடும் பாருங்க. ஊரில் பழைய நீர்க்கட்டி யாராவது இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்க. ஐப்பசியில் தண்ணி எங்கே நிற்கும் என்று கையை நீட்டிக் காட்டுவார்.