கொண்டெய்னரில் வராத நாற்காலி

அன்புள்ள ஊரவர்களுக்கு,

ரொறன்ரோவின் யூனிவேர்சிற்றி அவெனியூவில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. அதன் நிலத்தடியில் உள்ள கைட் ஆய்வு நிறுவனத்தின் கூடமொன்றில் ஆடி மாதத்திலும் தரையில் பனிக்கட்டியை உறையவிடலாம். விழுந்தாலும் அடிபடாதபடி மேலிருந்து கட்டிய பட்டியோடு ஆட்கள் அதில் நடக்கிறார்கள். அறையையே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்கிறார்கள். எத்தனை பாகைச் சரிவில் கால் வழுக்குகிறதோ அதை வைத்துத்தான் சப்பாத்துக்குப் புள்ளி. 7 பாகை வரை தாங்கினால் ஒரு பனிப்பூ. 2016இல் முதல் பட்டியல் வெளிவந்தபோது, சோதித்த 98 வகைச் சப்பாத்துகளில் பத்திலொன்றுகூட அந்த ஒரு பனிப்பூவை எட்டவில்லை. தேறியவற்றின் அடிப்பாகத்தைச் செய்த நிறுவனங்களில் இத்தாலியின் விப்ரமும் ஒன்று.

ஸ்காபரோவில் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரும் அப்பம்மாக்கள் இந்தச் சோதனையின் அருமையை அறிவார்கள். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எழும்பி நடப்பது பெரும்பாடு.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் கொண்டெய்னர்கள். அங்கே சப்பாத்தை அது நடக்கப்போகும் தரையிலேயே சோதிக்கிறார்கள், கொண்டெய்னரில் போவதை அப்படி யாரும் பார்ப்பதில்லை. புலம்பெயர்ந்தோர் சங்கங்கள் ஊருக்கு அனுப்பும் உதவிகளில் பாவித்த சக்கர நாற்காலிகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. அவை மருத்துவமனையின் வழவழப்பான தரைக்குச் செய்தவை. சின்ன முன்சில்லு ஒழுங்கை மணலில் புதையும். ரயர் போனால் அந்த அளவு சைக்கிள் கடையில் கிடைக்காது. கையளிப்பு விழாவில் படம் எடுத்தாயிற்று, பொன்னாடையும் போர்த்தாயிற்று. பிறகு நாற்காலி கொட்டிலுக்குள். நாற்காலி ஆளின் உடம்புக்கும் அவர் வாழும் நிலத்துக்கும் பொருந்தவேண்டும், அங்கேயே திருத்தக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வழிகாட்டலாக வெளியிட்ட விடயந்தான்.

மாற்றுவழி பார்க்க கனடாவரை வரத் தேவையில்லை, பாக்குநீரிணையைத் தாண்டினால் போதும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் டிடிகே பெயரில் ஒரு மறுவாழ்வுக் கருவி மையம் இயங்குகிறது. 2019 நவம்பரில் அங்கிருந்து வந்த ‘அரைஸ்’ நாற்காலியில் இருப்பவர், யாரும் தூக்கிவிடாமல் தானே நிமிர்ந்து நிற்கலாம். நாளெல்லாம் இருந்தபடியே இருப்பவருக்கு வரும் படுக்கைப்புண்ணுக்கும் எலும்புத் தேய்வுக்கும் நிற்பது நல்ல மருந்து. வடிவமைப்பு ஐஐடியினது, தயாரிப்பு சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ், பணம் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட்.

பச்சிளங் குழந்தைகளுக்கான இன்குபேட்டர் செய்து கைதேர்ந்த அதே ஃபீனிக்ஸ்தான் தில்லி ஐஐடியின் ‘ஸ்மார்ட்கேன்’ கருவியையும் செய்தது. 2014இல் வெளியான அது வெண்பிரம்பில் பூட்டுவது. பிரம்பு தரையில் இருப்பதைத் தொட்டறியும். முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையையோ லொறியின் பின்பலகையையோ அறியாது. அதைக் கருவி ஒலியலையால் கண்டு கைக்கு அதிர்வாகச் சொல்லும். தில்லியின் சக்ஷம் அமைப்பு மூலம் பார்வையற்றோரே அதைக் கொண்டு நடந்து பார்த்துக் குறை சொன்னார்கள். இந்தப் பகுதிதான் முக்கியம். பேராசிரியர் அறைக்குள் முடிந்துபோகும் ஆய்வுக்கும் வீதிக்கு வரும் கருவிக்கும் நடுவில் நிற்பவர்கள் அவர்கள்.

சென்னை மையத்திலிருந்து கிளைத்த நியோமோஷன், 18 விதமாக அளவு மாற்றக்கூடிய நாற்காலியும், அதன் முன்னால் பூட்டினால் மணிக்கு 25 கி.மீ. வரை ஓடும் மோட்டர் இணைப்பும் விற்கிறது. வேலைக்கும் சந்தைக்கும் இன்னொருவரை எதிர்பாராமல் போய்வரலாம்.

ஊரில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. 1968இல் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும், சப்பாத்து இல்லாமல் வயலில் இறங்கவும் சப்பாணி கட்டி இருக்கவும் ஏற்றதாகச் செய்த ஜெய்ப்பூர் கால், 1987 முதல் யாழ்ப்பாணத்திலேயே செய்யப்படுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் ஜெய்ப்பூர்க்காரர்களோடு சேர்ந்து 20 டொலர் கணக்கில் ஒரு முழங்கால் மூட்டை உருவாக்க, 2009இல் டைம் இதழ் அதை அவ்வாண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் சேர்த்தது. யாழ்ப்பாணத்துக் கைகளுக்கு அப்படியொரு மாணவர் கூட்டம் இன்னும் வாய்க்கவேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியற்பீடம் இருக்கிறது, லேத் பட்டறைகளுக்கும் குறைவில்லை.

தேவையும் கூடிக்கொண்டே வருகிறது. 2012 கணக்கெடுப்பின்போதே இலங்கையில் 12.4 வீதமானோர் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள். 1990இல் இருபது வயதில் மிதிவெடிக்குக் காலைக் கொடுத்தவர் இப்போது அறுபதை நெருங்குகிறார். செயற்கைக் காலோடு முதுமைக்குள் போகிறவருடைய மற்ற முழங்கால் என்ன பாடுபடும், தோள் எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் வடக்கிலேயே கேட்டு அங்கேயே விடை காணவேண்டிய கேள்விகள்.

அடுத்த கொண்டெய்னருக்குச் சேர்க்கும் காசை ஒரு வருடத்துக்கு இப்படிப் போடலாம்: பொறியியற்பீடத்தின் இறுதியாண்டு மாணவர்களுக்குத் திட்டச் செலவு, பட்டறைக்காரருக்குப் பொருட்செலவு, நாற்காலியைப் பாவித்துப் பார்த்துக் குறை சொல்பவர்களுக்கு நாட்கூலி. கடைசியாகச் சொன்னதை ‘அன்பளிப்பு’ ஆக்கிவிடாதீர்கள். அது வேலைக்கான சம்பளம். வடிவமைப்பு யாருக்குச் சொந்தம், உதிரிப்பாகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்பவற்றைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை முதலில் செய்வது? கிணற்றடிக்குப் போகும் நாற்காலியா, கோவில் வீதி மணலில் ஓடுவதா, மலசலகூடத்தில் பிடித்து எழும்ப ஒரு தாங்கியா? நாற்காலியில் இருப்பவர்களையும் ஊன்றுகோலோடு நடப்பவர்களையும் கேட்டு அவர்கள் சொல்லும் வரிசையிலேயே எழுதி அனுப்புங்கள். காசுக் கணக்கை அதன் பிறகு இங்கே கூடிப் பேசுவோம்.

அன்புடன்,
ஸ்காபரோவில் இருக்கும் ஓர் ஊரவன்