முன்வாசலில் பூட்டு, கொல்லையில் வழி

தபால் கவரில் அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுத யாராலும் முடியும். இன்டர்நெட்டில் அது அவ்வளவு சுலபமில்லை. கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பாக்கெட்டின் மீதும் முகவரி எழுதும் குமாஸ்தா, ஆபரேட்டிங் சிஸ்டம். அவரை ஒதுக்கிவிட்டு, புரோகிராமே எழுதிக்கொள்ளும் சலுகைக்குப் பெயர் 'ரா சாக்கெட்'. யூனிக்ஸில் இது நிர்வாகிக்கு மட்டுமே உண்டு.

2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியிலும் இந்தச் சலுகை இருந்தது. ஆனால் வீட்டு எக்ஸ்பியில் உட்காருகிற ஏறக்குறைய எல்லோருமே நிர்வாகிகள்! கலிஃபோர்னியா புரோகிராமர் ஸ்டீவ் கிப்சன் கூக்குரலிட்டார். அந்த மே மாதம்தான் அவருடைய இணையதளம் பாக்கெட் வெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்தது. தீய புரோகிராம் உள்ளே நுழைந்த பிறகு ரா சாக்கெட்டைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு என்ன பயன் என்பது மைக்ரோசாஃப்டின் வாதம். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வார்ம், போலி முகவரிகளுடன் மைக்ரோசாஃப்டின் அப்டேட் தளத்தையே குறிவைத்தது.

மறு ஆண்டு ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்தது. பூட்டும் விழுந்தது. ரா சாக்கெட் வழியே டிசிபி பாக்கெட்டுகளை அனுப்ப முடியாது. பொய் முகவரியுடன் யுடிபியும் போகாது. சர்வர் 2003க்கு மட்டும் விலக்கு.

வேடிக்கை என்னவென்றால், அடி விழுந்தது காவலாளிகளுக்கு. நெட்வொர்க்கில் எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று தட்டிப் பார்க்கும் என்மேப், 1997 முதல் நிர்வாகிகளின் கைத்தடி. அது தட்டுவதே சொந்தமாகத் தயாரித்த டிசிபி பாக்கெட்டுகளால்தான். 2005இல் வந்த அதன் 3.90 பதிப்பு ஒரு மாடி கீழே இறங்கியது. கவரை மட்டுமல்ல, கவர்களைக் கட்டும் தபால் பையையே, அதாவது ஈதர்நெட் ஃபிரேமையே, தானே தயாரித்தது. இத்தாலியின் டூரின் பாலிடெக்னிக்கில் உருவான வின்பிகேப் டிரைவர் மூலம் அதை நேராக நெட்வொர்க் கார்டிடம் கொடுத்தது. விண்டோஸின் குமாஸ்தா கண்ணிலேயே படவில்லை. டயல்-அப் இணைப்பில் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை.

நிர்வாகி உரிமையைக் கைப்பற்றிய கள்ளனுக்கும் இதே கொல்லைவழி உண்டு. அதனால்தானோ என்னவோ, வின்பிகேப்பின் வாரிசான என்பிகேப்பை நிறுவும்போது, 'நிர்வாகிக்கு மட்டும்' என்று கட்டுப்படுத்திக்கொள்ள முடிகிறது.

பொய் முகவரியைப் பிடிக்க வசதியான இடம், இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் ரவுட்டர். வாடிக்கையாளருக்குச் சொந்தமில்லாத முகவரியுடன் வரும் பாக்கெட்டை அங்கேயே தூக்கியெறியலாம். இன்டர்நெட் பொறியாளர்கள் இதை எழுதிவைத்தது 2000 மே மாதம், எக்ஸ்பி கடைக்கு வருவதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பு.